டாஷ்போட் கழட்டாத கார்

சனத்துக்குச் சும்மா ஒரு சாமான் குடுக்கிறதைப்போல கஷ்டமான தொழில் உலகத்தில வேற இல்லை. நம்பாட்டில் ஒரு கிழமை என்ர கதிரையில வந்து இருந்து பாருங்கோ.

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் போற வீதியில ஒரு வாகனக் கொம்பனியின்ர கிளை இருக்கு. அங்க கவுண்டரில இருக்கிறது நான். கொஞ்ச மாதத்துக்கு முந்தி மேலிடத்தில இருந்து ஒரு லிஸ்ட் அனுப்பினவை. எங்கட கார் மொடல் ஒண்டில, இடப்பக்க முன் சீட்டு எயார்பேக்கில பிழை. கார் எங்கயாவது மோதினால் அந்தக் காத்துப்பை விரிஞ்சு ஆளைக் காப்பாத்த வேணும். ஆனால் அதை ஊதிவிடுற இரும்புக் குப்பி, வெக்கையிலயும் ஈரக்காத்திலயும் வருசக்கணக்காக் கிடந்து பழுதாகி, வெடிச்சு, இரும்புத் துண்டை முகத்துக்கே எறியுமாம். எங்கட ஊரில வெக்கைக்கும் ஈரத்துக்கும் என்ன குறை? லிஸ்ட்டில இருக்கிற ஆக்களைக் கூப்பிட்டுப் புதுசு போட்டுக் குடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. ரெண்டு மணித்தியால வேலை. ஒரு சதமும் எடுக்கிறதில்லை.

போனில கதைச்சுக் கதைச்சுத் தொண்டை வறண்ட, என்னைப்போலக் கவுண்டர் ஆக்களே, உங்களுக்கு விளங்கும். அந்த ஒரு சதமும் எடுக்காததுதான் எனக்கு வந்த வினை.

இன்னொண்டு. அந்த லிஸ்ட்டில எங்கட வீட்டுக் காரும் இருந்தது. அந்த இடப்பக்க முன் சீட்டிலதான் என்ர மகள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போறவள். அதை முதலே சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லுறன்.

கோயிலோ, எலெக்ஷனோ?

முதல் கோல் டவுனில இரும்புக்கடை வைச்சிருக்கிற ஒரு ஐயாவுக்கு எடுத்தனான். "சும்மா மாத்தித் தாறம்" எண்டு வாய் திறந்ததும் டப்பெண்டு வைச்சிட்டார். ரெண்டாந்தரமும் அப்பிடித்தான். மூண்டாந்தரம் அவரே கேட்டார்: "தங்கச்சி, இந்த ஊரில சும்மா குடுக்கிறது ரெண்டு பேர். ஒண்டு கோயில், மற்றது எலெக்ஷன் கேக்கிறவன். நீங்கள் எந்தப் பக்கம்?"

"கோயில் பக்கம்தான் ஐயா. அன்னதானம் முடியிறதுக்கிடையில வாங்கோ" எண்டன். திங்கக்கிழமை விடியவே வந்து நிண்டார். வேலை முடியுமட்டும் மெக்கானிக் குணம் அண்ணையின்ர முதுகுக்குப் பின்னால நிண்டு, புதுச் சாமான்தான் போடுறாரோ எண்டு கண் வெட்டாமல் பாத்தார். கடைசியாப் படிவத்தில கையெழுத்து வைச்சிட்டு என்னை நிமிர்ந்து பாத்தார். "எல்லாம் சரி பிள்ளை. கோயிலெண்டால் ஒரு வடையும் தருவினம்."

அஞ்சு கை மாறின கார்

எங்கட ஆக்களின்ர பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வாகனத்தை வித்தால் பேர் மாத்துறதில்லை. வித்தவர் படிவத்தில கையெழுத்தை மட்டும் வைச்சுக் குடுப்பார், வாங்கினவர் அதை அப்பிடியே அடுத்தவருக்குக் குடுப்பார். ஓப்பின் பேப்பர் எண்டு அதுக்கு ஒரு வடிவான பேர் வேற. ஆனபடியால் எங்கட லிஸ்ட்டில இருக்கிற ஆளிட்டக் கார் இராது, கார் இருக்கிற ஆளின்ர பேர் லிஸ்ட்டில இராது.

அப்பிடி ஒரு வெள்ளைக் கார். பேர் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபரின்ர. அவர், "அதை நான் எப்பவோ நிலாவெளியில ஒரு ஹோட்டல்காரருக்குக் குடுத்திட்டன்" எண்டார். ஹோட்டல்காரர் சாம்பல்தீவில ஒருத்தருக்கு. அவர் தன்ர சகலனுக்கு. சகலன் கலியாணவீட்டில பழக்கமான ஆருக்கோ, பேர் ஞாபகமில்லையாம், மீசை ஞாபகமாம்! விடுவனா? மாப்பிள்ளை வீட்டைப் பிடிச்சு, பந்தியில இருந்த மீசைக்காரரெல்லாரையும் விசாரிச்சு, ஒன்பதாம் நாள் ஆளைக் கண்டுபிடிச்சிட்டன். சல்லி எண்ட கிராமத்தில தோணி வைச்சிருக்கிறவர். முழு விருத்தாந்தத்தையும் சொன்னன்.  மனுசன் சரியான மரியாதையாக் கேட்டார்: "மிஸ், எங்கட மாடொண்டும் போன கிழமையில இருந்து காணேல்லை. அதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?"

வீட்டுக்குள்ள ஒரு கஸ்டமர்

இப்பிடி ஊரையெல்லாம் வெண்டு கொண்டிருக்கிற எனக்கு, வீட்டில மட்டும் தோல்விக்கு மேல தோல்வி. என்ர மனுசன் துறைமுகத்தில கிரேன் ஓட்டுறவர். அங்க தலைக்குக் கவசம், இடுப்புக்குப் பட்டி, கொழுவியை மூண்டு தரம் பாக்காமல் ஒரு மூட்டையும் தூக்கமாட்டார். தன்ர காருக்கு மட்டும் அந்தச் சட்டமொண்டும் இல்லை.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. காரை வித்துப்போட்டு ஒரு வான் வாங்க வேணும். டாஷ்போட் கழட்டாத காரெண்டால்தான் மதிப்பாம். கழட்டினதெண்டு தெரிஞ்சால், எங்கயோ அடிபட்ட வாகனமெண்டு சனம் கதை கட்டிவிடுமாம். "இவ்வளவு வருசம் ஒண்டும் நடக்கேல்லைத்தானே" எண்டு கேட்டார். "நடக்கேல்லை எண்டால் நீங்கள் இன்னும் ஒண்டிலயும் மோதேல்லை எண்டு அர்த்தம்" எண்டன். வாதத்தில நான் வெண்டிட்டன். கார்ச்சாவி அவற்ற பொக்கற்றிலயே இருந்தது. எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓடத் தெரியும், இல்லாட்டில் நானே கொண்டுபோய் விட்டிருப்பன். மனுசன் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுச் சொன்னார்: "இஞ்சாரும், கவுண்டரில கதைக்கிற மாதிரி என்னோட கதையாதையும். நான் உம்மட கஸ்டமர் இல்லை."

பத்தரைக்குப் பிறகு

நிலாவெளியில இருந்து ஒரு அம்மா, கார் நல்ல வடிவான நீலம். வரச் சம்மதிச்சிட்டா, ஆனால் நேரம் அவ சொல்லுறதுதான். செவ்வாய் ஏலாது. அட்டமி, நவமி ஏலாது. கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை அமைஞ்சது. பத்தரை மணிக்கு வந்தவ, ராகுகாலமெண்டு பன்ரெண்டு மட்டும் காரைத் தொட விடேல்லை. பன்ரெண்டானதும் கார் கிழக்குப் பாத்து நிக்க வேணுமெண்டா. குணம் அண்ணை வேர்க்க விறுவிறுக்கத் தள்ளித் திருப்பி விட்டார். வேலை நல்லபடியா முடிஞ்சுது. எண்டாலும் அண்ணைக்கு மனம் ஆறேல்லை. ஸ்பானரைத் துடைச்சுத் துடைச்சுச் சொன்னார்: "இவ்வளவு நேரம் காலம் பாத்து நான் என்ர கலியாணத்தைக்கூடக் கட்டேல்லை, பிள்ளை."

பின் சீட்டு மகாராணி

மனுசனை மாத்தேலாட்டில் மகளையாவது மாத்துவமெண்டு, "இனி நீ பின் சீட்டு" எண்டு சட்டம் போட்டன். அவள் புத்தகப் பையோட பின்னால ஏறினாள். இவருக்குத்தான் சரியான கோபம், தன்னை டிரைவராக்கிப்போட்டனாம். ரெண்டு கிழமை ஒழுங்காப் போச்சு.

ஒரு நாள் நான் வெள்ளனவே வேலைக்கு வெளிக்கிட்டிட்டன். நான் இல்லாத துணிவில அப்பாவும் மகளும் பழையபடி முன் சீட்டு. கோட்டைப் பக்கத்தில மேயிற மான் ஒண்டு திடுக்கிட்டுக் குறுக்கால பாய்ஞ்சிருக்கு. இவர் பிரேக் அடிச்சு, கார் மதிலுக்கு ஒரு சாண் இருக்க நிண்டுதாம். பின்னேரம் ரெண்டு பேரும் அதைப் பகிடி மாதிரிச் சொல்லுகினம்.  அண்டைக்கு நான் கத்தேல்லை. குசினிக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதனான். ஊரில தெரியாத ஆக்களின்ர பிள்ளையளைக் காப்பாத்திக்கொண்டு, என்ர பிள்ளையை ஒரு மானிட்ட ஒப்படைச்சிருக்கிறனே எண்டு இருந்தது. அடுத்த நாள் ஒஃபிசில குணம் அண்ணையிட்டச் சொன்னன். அவர் பகிடி ஒண்டும் விடேல்லை. "மாத்துற சாமானை உனக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன் பிள்ளை. ஆளைக் கொண்டுவாறது உன்ர பாடு."

குச்சவெளியில இருந்து வந்த வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை எங்கட காரை விலைக்குப் பாக்கக் குச்சவெளியில இருந்து ஒரு இளம் வாத்தியார் வந்தவர். மனிசி, கைக்குழந்தையோட. எங்கட ஆள் விடியவே காரைக் கழுவித் துடைச்சு வைச்சிருந்தார். வாத்தியார் டயரைப் பாத்தார், பொனட்டைத் திறந்து பாத்தார், கீழ குனிஞ்சும் பாத்தார். எல்லாம் பிடிச்சுது. நான் தேத்தண்ணியோட வாசலில.

"அண்ணை, எயார்பேக் மாத்தின பேப்பரைக் காட்டுங்கோ" எண்டார் வாத்தியார்.

எங்கட ஆள் நெஞ்சை நிமித்திக்கொண்டு, "டாஷ்போட்டில ஒரு ஆணிகூடக் கழட்டேல்லைத் தம்பி!" எண்டார்.

"அப்ப வேண்டாம் அண்ணை" எண்டு வாத்தியார் பொனட்டை மூடினார். இவற்ற முகத்தைப் பாக்க வேணுமே! நான் தட்டை நீட்டி, "சீனி போதுமோ எண்டு பாருங்கோ தம்பி" எண்டு மட்டும் சொன்னன். உள்ளுக்குள்ள எனக்குத் தேர்த் திருவிழா. வாத்தியார் ஒரு வாய் குடிச்சிட்டு இவருக்கு விளங்கப்படுத்தினார்: "ஏஜென்சியில ஒரு மிஸ் இருக்கிறா அண்ணை, எங்கட மாமாவுக்கு ஏழு தரம் கோல் எடுத்தவ. மாத்தாத காரில பிள்ளையை முன்னுக்கு ஏத்தாதேங்கோ எண்டு ஒரே பாட்டு. அவவின்ர கரைச்சல் தாங்கேலாது, ஆனால் மனிசி சொல்லுறது சரி."

திங்கள், காலமை எட்டு மணி

கவுண்டரைத் திறக்கேக்க வரிசையில முதல் ஆளா நிண்டவர் என்ர மனுசன். நான் படிவத்தை எடுத்து, "ஐயாவின்ர பேர்?" எண்டு கேட்டன். சொன்னார்! முகவரியும் சொன்னார்! பக்கத்து மேசைப் பிள்ளை சிரிப்பை அடக்கேலாமல் எழும்பி ஓடிட்டாள். நான் ஒரு எழுத்தும் விடாமல் நிரப்பிக் கையெழுத்து வாங்கினன்.

குணம் அண்ணை டாஷ்போட்டைக் கழட்டி, அந்தக் குப்பியை வெளியில எடுத்து மேசையில வைச்சார். இவர் இரும்போட சீவிக்கிற மனுசன், இரும்பு என்ன செய்யுமெண்டு ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. குப்பியை ஒருக்காப் பாத்தார். பிறகு காருக்குள்ள குனிஞ்சு, டாஷ்போட்டில இருந்து மகள் சாயிற இடத்துக்குத் தன்ர முழங்கையை வைச்சு அளந்தார். ஒரு முழமும் கொஞ்சமும். திரும்பவும் அளந்தார். என்னட்ட வந்தார், கண் கலங்கியிருந்தது. வான் கதையும் இல்லை, மதிப்புக் கதையும் இல்லை. "இதையோ நான் என்ர பிள்ளையின்ர முகத்துக்கு நேர பூட்டிக்கொண்டு திரிஞ்சனான்?"

ஊரையெல்லாம் போனிலயே வழிக்குக் கொண்டுவந்த எனக்கு, ஒரே பாயில படுக்கிற மனுசனை வழிக்குக் கொண்டுவரக் குச்சவெளியில இருந்து ஆள் வரவேண்டியிருந்தது.