பூசை போட்டு நிறுத்திய இன்குபேட்டர்

ஆயுத பூஜை முடிந்து நான்காம் நாள் ஆய்வகத்தைத் திறந்தால், இன்குபேட்டர் கதவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பதினைந்து டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பெட்டிக்குள் வெளியைப் போலவே சூடு. சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, எங்கள் மேலாளர்தான்.

நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் ஆய்வக உதவியாளர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பூசையன்று பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குப் போனது என் தப்பு. மேலாளரைப் பிடித்தேன்.

“ஏனுங்க சார், இப்படிப் பண்ணிப்போட்டீங்க?”

“லாரியே அன்னைக்கு நிக்குது. வருசம் பூரா ஓடுற மெசினுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமுங்களா? மறுநாள் போட மறந்துட்டனுங்க.”

“உங்க கோழிப்பண்ணையில குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டரை நிறுத்துவீங்களா?”

“அதெப்படிங்க? அதுல முட்டை இருக்குதே.”

“இதுலயும் முட்டைதானுங்க இருந்துச்சு!”

“புழு முட்டைக்கு எதுக்கு அம்மணி இம்புட்டுச் சண்டை?”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவை ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் புழுக்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பத்து நாளில் அவள் ஆய்வைச் சோதிக்கும் குழு வருகிறது. அதற்குள் வளர்ந்த புழுக்களை எடுத்து, எது எத்தனை நாள் வாழ்கிறது என்ற ஆயுள் கணக்கைத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குப் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

விடுமுறை முடிந்து சேலத்திலிருந்து வந்த மாணவி பையைக்கூட இறக்காமல் நுண்ணோக்கியில் குனிந்தாள். “போச்சுக்கா. எல்லாம் நூலாட்டம் கெடக்குது.”

கண்ணிமை முடி ஒட்டிய குச்சியால் ஒன்றைத் தொட்டாள். சட்டென்று நெளிந்து ஓடியது. சாகவில்லை, வளர்வதை நிறுத்திவிட்டிருந்தது.

அவள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். புழுவின் செல்லுக்கு மேலே இன்சுலின் சேதியை வாங்கும் புரதம் ஒன்று உண்டு. ‘சாப்பாடு இருக்கிறது, வளரலாம்’ என்ற சேதி அங்கிருந்து ஒன்று மாற்றி ஒன்றாக உள்ளே போகும். அது போகிறவரை, இன்னொரு புரதத்தைச் செல்லின் உட்கருவுக்குள் விடாமல் தடுத்து வைத்திருக்கும். சேதி குறைந்தால் அந்தப் புரதம் உள்ளே போய், வளர்ச்சியை நிறுத்தி, இருப்பதைச் சேமிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். குஞ்சுப் புழு வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். இவள் புழுக்களில் சேதி வாங்கும் புரதமே பழுது. பதினைந்து டிகிரி குளிரில் ஒருமாதிரி வேலை செய்யும். சூட்டில் கைவிட்டுவிடும்.

“அப்பக் குளிர்ல வச்சா மறுபடி முழிச்சுக்குமா?” என்றேன்.

“முழிக்கும்க்கா. நாள்தான் பத்துமான்னு தெரியல.”

புதுத் தீனித் தட்டுகளுக்கு மாற்றிப் பதினைந்து டிகிரியில் வைத்தோம். தினமும் காலையில் மேலாளர் எட்டிப் பார்ப்பார். “எந்திரிச்சுதுங்களா?” மூன்றாம் நாள் சில வாயைத் திறந்து தின்றன. ஏழாம் நாள் வயிற்றில் முட்டையோடு நெளிந்தன. அன்றே அவள் கணக்கைத் தொடங்கினாள். குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதினாள்: ‘ஆயுத பூஜைக்காக இன்குபேட்டர் நிறுத்தப்பட்டது, நான்கு நாள்.’

குழுவில் வந்தவர் அதை இரண்டு தரம் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இந்தக் கணக்கு ஓடட்டும். புது முட்டையில இன்னொரு தரமும் செஞ்சு ரெண்டையும் காட்டுங்க” என்றார். ஆறு மாதம் தப்பியது; வேலை இரட்டிப்பானது.

மேலாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “பாத்தீங்களா அம்மணி, நம்ம பூசையில ஒரு புது கண்டுபிடிப்பே வந்துருச்சு!”

நான் சுவிட்சுக்கு மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன். அவள் புது முட்டைகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்.