சீட்டில் பூட்டிய பெல்ட்

கிருஷ்ணன்கோவில் தாண்டி, நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதியதில் என் அண்ணன் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு ரோட்டில் விழுந்து செத்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கருமாதி முடிந்த கையோடு என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், நம் காருக்கு பெல்ட் போட்டே ஆகவேண்டும் என்று.

எங்கள் கார் மாமனார் வாங்கிய வண்டி. பெல்ட் என்பதே அதில் கிடையாது. ராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் துணியை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் தினமும் அதில்தான் வியாபாரத்துக்குப் போவார். "நான் என்ன பிளேனா ஓட்டுதேன்?" என்று கேலி செய்தார். நான் விடுவேனா? சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அதே பேச்சுதான். தாங்கமாட்டாமல் மதுரையில் வாங்கிவரச் சம்மதித்தார். அதிலும் சண்டை. இடுப்புப் பட்டை போதும் என்றார். அண்ணனுக்கு உடைந்தது மண்டை, தோளையும் பிடிக்கிறதுதான் வேண்டும் என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக், கதவை ஒட்டிய தூணில் சாக்பீஸால் வட்டம் போட்டார். டிரில்லைப் பார்த்ததும் இவருக்கு வந்ததே கோபம்!

"எங்கப்பா வாங்குன வண்டியில ஓட்டை போடவா? அங்கிட்டு எடுப்பா அத!"

"பாடியிலதான் பூட்டணும் அண்ணாச்சி. மோதுனா சீட்டு பேந்துகிட்டு வந்துரும்."

"அதெல்லாம் நிக்கும். சீட்டு பைப்புலயே பூட்டு."

பூட்டியாகிவிட்டது. நான் இழுத்துப் பார்த்தேன். சீட்டும் கூடவே ஆடியது. ஆடுதே என்றதற்கு, "போடலன்னாலும் வையுத, போட்டாலும் வையுத" என்றார்.

பிறகுதான் வினையே. அதுவரை மாட்டுவண்டிக்கும் ஒதுங்கி வழிவிட்ட மனுஷன், பெல்ட் போட்ட தைரியத்தில் பறக்க ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து கதறுவேன்.

"அதக் கழட்டிப் போட்டுட்டு மெதுவாப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"மாட்டச் சொன்னதும் நீ, கழட்டச் சொல்லுததும் நீ. எம்புட்டுப் பேச்சுடி பேசுவ!" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மத்தியானம் சுந்தரபாண்டியம் பக்கம் புளியமரத்தில் மோதினார். பெயர்ந்துபோன சீட்டோடு சேர்த்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். பெல்ட் அறுபடவில்லை.

சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெல்ட்டும் போட்டுத்தான இருந்தாரு, இதுக்கு மேல என்னத்தச் செய்ய முடியும்?" என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனார். தான் புதிதாக வாங்கிய காரிலிருந்த பெல்ட்டைக் கத்தியால் அறுக்க ஆரம்பித்தார்.

"அண்ணனுக்கே ஒதவாத சனியன் எனக்கு எதுக்கு?"

"ஐயோ, அது பாடியில பூட்டுனது, அறுக்காதீய!" என்று ஓடினேன்.

"மதினி அழுத அழுகையில என்னமோ பேசுது" என்று என்னை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார்கள்.