மஞ்சளுக்கு யூரியா

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் ஜோதிலட்சுமிக்குத் தோட்ட வேலை. ஊர் திருப்போரூர் பக்கம். நாற்று, களை, அறுப்பு என்று பாதி வயசைச் சேற்றில் கழித்தவள். கழனியை பிளாட் போட்டதும் பஸ் ஏறி இங்கே வந்தாள். ஆறு வருஷமாக அந்தப் புல்தரை அவள் பொறுப்பு. நான் புல் பாய் வியாபாரி, மண்ணோடு பாயாகச் சுருட்டின புல்லைக் குட்டியானை வண்டியில் கொண்டுபோய் விரித்துக் கொடுப்பவன். அதுவும் நான் விரித்த புல்தான்.

போன சித்திரையில் வீட்டுக்காரம்மா மதுவந்தி ஒரு பெட்டை நாயோடு சென்னையிலிருந்து அங்கேயே குடி வந்தார். ரெண்டே வாரத்தில் புல்லில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்ட வட்டமாக மஞ்சள். ஜோதி எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணாத்த, நீ போட்ட புல்லு மஞ்சளாயிகினு கீது. இன்னா பண்றது?"

"மஞ்சளாச்சுன்னா சத்து இல்லன்னு அர்த்தம். யூரியா தூவு. இதுகூடவா நான் சொல்லணும்?"

நானும் கழனியிலிருந்து வந்தவன்தான், அந்தப் புத்தி அது. நெல் வெளுத்தால் யூரியா, வேறு வைத்தியம் எங்களுக்குத் தெரியாது. அவளும் தூவினாள். நாலாம் நாள் மஞ்சள் எல்லாம் வைக்கோலாகக் காய்ந்துவிட்டது. மதுவந்தி பார்த்துவிட்டு, "மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா தோட்டத்தைக் கம்பெனி ஆளுங்களுக்குக் கொடுத்துடுவேன் ஜோதி, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் போனேன். புதுப் பாய் தள்ளிவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது, மறைப்பானேன். ஜோதி புல்லில் குந்தியிருந்தாள்.

"இத பாரு. நடுவுல கருகிக் கீது, சுத்திலும் கரும்பச்சை. கழனியில எங்க பாத்துக்கீற இத?"

யோசித்தேன். வரப்பில் ஓட்டை மூட்டையை வைத்து எடுத்தால் அந்த இடம் கருகும், ஓரம் தளதளவென்று வரும்.

"யூரியா கொட்டின எடம் மாரி."

"நான் கொட்டல. அது கொட்டுது." நாயைக் காட்டினாள். "கடுவனா இருந்தா மரம், செவுருன்னு கொஞ்சம் கொஞ்சமா வுடும். இது ஒரே எடத்துல குந்தி மொத்த மூத்திரத்தையும் ஊத்துது. அதுவும் யூரியா உப்புதான். அதுமேல யூரியா போடச் சொன்ன பாரு, நல்ல ஆளு நீ."



அன்றிலிருந்து நாய் குந்தி எழுந்தவுடன் அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். உடனே ஊற்றினால்தான் வேர் தப்பும், மறுநாள் ஊற்றிப் பிரயோசனமில்லை. பின்சுவர் ஓரம், சவுக்கு நிழலில், எட்டடிக்கு மணல் பரப்பினாள். நாயின் மூத்திரம் பட்ட மண்ணை வாரி, மோப்பத்துக்காக அங்கே போட்டாள். காலையில் கயிறு கட்டி நேரே அங்கே கூட்டிப்போய், அது போகும்வரை நிற்பாள். போனால் ஒரு பிஸ்கட். மூணு நாள் நாய் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. நாலாம் நாள் குந்தியது.

ஆனாலும் புதுசாக ரெண்டு மஞ்சள். ஜோதி பஸ்ஸுக்குப் போன பிறகு நாயை யாரோ சும்மா அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். மதுவந்தியிடமே போய் நின்றாள்.

"சாயங்காலம் நீங்கதான் மணலுக்கு இட்டுகினு போகணும் மேடம்."

"நானா?"

"உங்க நாய்தானே."

அந்தம்மா நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேலை போச்சு என்றே நினைத்தாளாம் ஜோதி. கருகினதைச் சுரண்டி, மண்ணில் ரெண்டு நாள் தண்ணீர் விட்டு, நான் கொடுத்த துண்டுப் புல்லை ஒட்டினாள். நான் சொன்ன வைத்தியத்துக்கு அதையாவது சும்மா கொடுக்க வேண்டாமா?

மாசக் கடைசியில் சாயங்காலமாகக் கம்பெனி ஆள் தோட்டத்தை அளக்க டேப்போடு வந்தான். மதுவந்தி பின்சுவர் ஓரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாய்க்காகக் காத்திருந்தார்.

"வேணாம்பா, ஆள் இருக்காங்க" என்றார் அங்கிருந்தே.