மூணாம் நம்பர்

புதுச்சேரி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியரான அப்பாவுக்குப் பாராட்டு விழா. மேடையோரம் அவர் சேகரித்த கடல்புழுக்களைப் புட்டிகளில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறியதும் நினைவில் எங்கள் உப்பளம் பகுதிப் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமைகளில் அவருடைய ஆராய்ச்சி மாணவர்கள் நோணாங்குப்பம் கழிமுகத்தில் சேறு அள்ளிக்கொண்டு வந்து, முழங்கால்வரை அழுக்கோடு வாசலிலேயே நிற்பார்கள். அப்பா நாற்காலியைவிட்டு எழமாட்டார். புழு ஒவ்வொன்றையும் லத்தீன் பெயர் சொல்லிக் கொஞ்சுவார். மாணவர்களை மட்டும், அவரவர் சேறு அள்ளிய இடத்தின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"ஏய் மூணு, சல்லடை எங்க?"

"அந்தப் பொண்ணுக்குப் பேரு இல்லியா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"பசங்க மாறிக்கினே இருப்பாங்க. நம்பர் மாறாது."

இங்கே விழா மைக்கில் ஒருவர், "மாணவர்களைத் தான் பெற்ற பிள்ளைகளாக வளர்த்த மாமனிதர்" என்று உருகிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையான நான் கொட்டாவி விட்டேன்.

அடுத்து, அவரிடம் படித்து இப்போது பேராசிரியராக இருக்கும் ஒரு பெண்மணி பொன்னாடையோடு மேடையேறினார். அப்பா சிரித்தார், முழித்தார், "நீங்க..." என்று இழுத்தார்.

அந்தப் பெண்மணி நிதானமாகச் சொன்னார். "மூணு, சார்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"மூணா நீ. சல்லடைய ஒழுங்காக் கழுவவே மாட்டியே."