அத்தை மகளின் ஊர்

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, கிறிஸ்துமஸுக்கு அத்தை தன் மகளோடு இங்கிலாந்திலிருந்து வந்தார். அத்தைக்கு அங்கே நர்ஸ் வேலை. குடியிருந்தது பட்டணத்தில் அல்ல, ஒரு குக்கிராமத்தில். எங்கள் ஊரும் பக்கத்து டவுன் அனந்தபுரத்திலிருந்து மினி பஸ் வந்து திரும்பிப் போகிற இடம்தான். ஆக இரண்டுமே பட்டிக்காடு என்று நிம்மதியாக இருந்தேன்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே அந்த நிம்மதி போயிற்று. அவளுக்கும் என் வயதுதான். அத்தை இங்கிருந்து கொண்டுபோன தமிழை அப்படியே பேசினாள். அவர்கள் ஊர்க் கோயில், அதாவது சர்ச், எண்ணூறு வருஷத்துக் கல் கட்டடமாம். ஊர் நடுவே யார் பேரிலும் பட்டா இல்லாத புல்வெளியாம், வாத்துக் குளமாம். சாராயக்கடைகூட ராஜா காலத்தியதாம்.

"கூரை வூடும் இருக்குது மாமா. ஆனா அதுல பணக்காரங்கதான் இருக்காங்க" என்றாள்.

எங்கள் வீட்டு ஓலைக் கூரையை மாற்றித் தரச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்த அப்பா, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடக் கதை சொன்னால் உடனே கொட்டாவி விடுகிறவர், அவளிடம் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா மீனின் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தார். எனக்கு வால்.

மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி, அப்பாவை வண்டி எடுக்கவைத்து மூவருமாக மண்டகப்பட்டுக்குப் போனோம். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் பல்லவ ராஜா பாறையைக் குடைந்து செய்த கோயில். அவளுடைய எண்ணூறை அது அப்படியே விழுங்கிவிடும் என்பது என் கணக்கு.

"உங்க கோயிலவிடப் பழசுதானே?" என்றேன்.

"ரொம்பப் பழசு" என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டு தூணைக் கட்டிப்பிடித்தாள். சண்டைக்கே வராதவளை எப்படி ஜெயிப்பது? போதாததற்கு, எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறாள் என்று அப்பா அவளை மெச்சினார்.

திரும்பும் வழியில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அப்பா வண்டியை நிறுத்தினார். தாத்தாவின் கல்லறையைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினாள்.

"நம்ம தாத்தா இன்னா வேலை செஞ்சாரு மாமா?" என்றாள். கிணறு வெட்டியதையும் மல்லாட்டைக் கடலை மூட்டை சுமந்ததையும் அப்பா சொன்னார். எனக்கு ஒருநாளும் சொல்லாத கதை. தாத்தாவையும் இவள் எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

புல்லைப் பிடுங்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் அவள் சொன்னாள்:

"எங்க ஊரு கோயிலச் சுத்தியும் கல்லறைதான். என்கூடப் படிக்கிறவங்க வூட்டுப் பேரெல்லாம் அதுல இருக்குது. தேடிப் பாத்தேன். நம்ம பேரு ஒண்ணுகூட இல்ல."

எனக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து நின்று ஒவ்வொரு சிலுவையாகக் காட்டினேன். "இவரு எங்க தாத்தா. அது எங்க தாத்தாவோட அண்ணன். அதோ, எங்க ஆயா. இங்க முழுக்க எங்க ஆளுங்கதான்."

அவள் தலையை ஆட்டினாள். கையிலிருந்த புல்லை மெதுவாகக் கீழே போட்டாள்.

ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்று, வீடு வரும்வரை வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன். அவள் 'நம்ம' என்றதற்கு நான் 'எங்க' என்று பதில் சொன்னது அப்போது என் காதில் விழவே இல்லை.