மாற்றிய பாகம்: எதுவுமில்லை

மார்ச் 3: புது பாட்டரி, 9,400
மார்ச் 11: செல்ஃப் மோட்டாருக்குச் சுருள் கட்டியது, 6,250
மார்ச் 19: அதைவிடப் பெரிய பாட்டரி, 12,800
மார்ச் 26: செல்ஃப் மோட்டாரே புதிது, 18,500

சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு மீட்டர் கேட்டார்: "இதுல அளந்து பார்த்த கூலி எங்கம்மா?"

லாரிக்காரம்மா சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெறும் தாள். "யாருண்ணே அளந்தாங்க? இஞ்சின் மெதுவா சுத்துதுன்னேன், பாட்டரி போச்சுன்னாங்க. மாத்தியும் மெதுவாத்தான் சுத்துச்சு. அப்போ செல்ஃப் போச்சுன்னாங்க."

'போச்சு' என்ற சொல் காதில் விழுந்தால் மீட்டருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். "போச்சுன்னா எங்க போச்சு? எவ்வளவு போச்சு? துக்கம் விசாரிச்சுட்டு வந்தவன் மாதிரி எல்லாப் பயலும் போச்சு போச்சுங்கிறான்!"

ஐம்பத்தாறு வயது. குச்சி உடம்பு. வண்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பவர். வோல்ட் மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். கருவி எப்போதும் கழுத்தில் தொங்கும். சாப்பிடும்போது மட்டும் முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வார். "தலை வலிக்குதுன்னு சொன்னாக்கூட, எவ்வளவுன்னு கேக்கிற மனுஷன்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

வாசலில் நின்றிருந்தது ஐம்பத்தெட்டு வயது லாரி. நீண்ட மூக்கு, உருண்ட முகப்பு விளக்குகள், இலைப்பச்சையில் புதுப் பெயிண்ட். லாரிக்காரம்மாவின் மாமனார் வாங்கியது. வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோவை ஏற்றித்தான் அந்தம்மாவின் பிழைப்பு நடக்கிறது. பழைய வண்டிகள் மே 31-க்குள் பரிசோதனையில் தேறவேண்டும் என்று போக்குவரத்து அலுவலகம் உத்தரவிட்டிருந்தது. ஆய்வாளர் முன்னால் வண்டி தன் செல்ஃபில் தானே கிளம்பவேண்டும், தள்ளக்கூடாது. ஏப்ரல் 2-ஆம் தேதி அது முக்கி முனகி அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு முறை தவறினால் பதிவு ரத்து.

"எடைக்குப் போட்டுடுவாங்கண்ணே. அதோட என் பொழப்பும் முடிஞ்சது."

"ஏறி உக்காருங்க. நான் சுத்துன்னா சுத்துங்க, போதும்னா விடுங்க."

இஞ்சின் தூக்கக் கலக்கத்தில் புரள்வதுபோல் அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. மீட்டர் பாட்டரியில் பார்த்தார்: 11.4. இஞ்சினைச் சுற்றவைக்கும் செல்ஃப் மோட்டாரில் பார்த்தார்: 8.3. இரண்டையும் சத்தமாகச் சொன்னார், யாரோ தன் பையில் கைவிட்டதைக் கண்டுபிடித்தவர்போல.

"மூணு வோல்ட்டை வழியில எவனோ தின்னுட்டான்!"

மின்சாரம் பாட்டரியிலிருந்து கனத்த கம்பி வழியாக மோட்டாருக்குப் போகிறது. திரும்பும்போது வண்டியின் இரும்புடம்பு வழியாகவே வந்து பாட்டரியில் சேர்கிறது. அந்தத் திரும்பும் வழிக்குத்தான் பட்டறைகளில் 'எர்த்' என்று பெயர். போகிற வழியில் இழப்பு 0.2. திரும்புகிற வழியில் 2.9.

வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பாட்டரியின் செப்புப் பட்டையைப் பிணைத்திருந்த போல்ட்டைக் கழற்றினார். இரும்பு தெரியவேண்டிய இடத்தில், மின்சாரத்தைக் கடத்தாத இலைப்பச்சைப் பெயிண்ட் பளபளத்தது.

"யாரு பெயிண்ட் அடிச்சது?"

லாரிக்காரம்மா தயங்கினார். "உங்க மச்சினன்தான். பரிசோதனைக்கு வண்டி பார்வையா இருக்கணும்னு பிப்ரவரியில அடிச்சுக் குடுத்தார்."

எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கும் மச்சினன், பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்படி மாமா வேலை? ஒரு போல்ட் விடாம கழட்டி, அடியிலயும் ரெண்டு கோட்டு குடுத்திருக்கேன். எவன் செய்வான்?"

"எவனும் செய்யமாட்டான்டா! சோம்பேறியாப் பொறந்திருந்தா இந்தம்மாவுக்கு இவ்வளவு செலவே வந்திருக்காது. நீ ஒழுங்கா வேலை பார்த்ததுதான் இப்போ வினை!"

"ஒழுங்கா பார்த்தாலும் திட்டு, பார்க்கலைன்னாலும் திட்டு. உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட எங்க அக்காவைச் சொல்லணும்."

உப்புத்தாள் வைத்து உள்ளங்கையளவு இடத்தைச் சுரண்டினார் மீட்டர். பட்டையை மறுபடி முடுக்கினார். இழப்பு 0.2. அடுத்த சுற்றில் இஞ்சின் உறுமி எழுந்ததில் மச்சினன் இரண்டடி பின்வாங்கினார்.

ஏப்ரல் 16-ஆம் தேதி ஆய்வாளர் முன்னாலும் அப்படியே எழுந்தது. அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் ஒருமுறை தவறிய வண்டிக்குப் பழுது பார்த்தவரின் சான்று வேண்டும். அந்தப் படிவத்தில் 'மாற்றிய பாகம்' என்றொரு கட்டம். மீட்டர் அதில் 'எதுவுமில்லை. பெயிண்ட் சுரண்டப்பட்டது' என்று எழுதினார். மே 4-ஆம் தேதி படிவம் திரும்பி வந்தது. கட்டம் முறையாக நிரப்பப்படவில்லையாம்.

"பாட்டரின்னு எழுதிக் குடுங்கண்ணே. பில்லே இருக்கு. பொய்கூட இல்லை."

"பாட்டரி மாத்தினது நெசம். அதனால சரியானது பொய். கழட்டிப் போட்ட பழைய செல்ஃபை அளந்தேன், குதிரை மாதிரி இருக்கு. நான் இன்னிக்குப் பாட்டரின்னு எழுதினா, நாளைக்கு வர்ற வண்டிக்கும் அளக்காமப் பாட்டரிதான் மாத்துவானுங்க."

"நாளைக்கு வர்ற வண்டியை விடுங்க. என் வண்டி? ரெண்டு வீட்டுச் சாமானை வேணாம்னு சொல்லியாச்சு. உங்க நேர்மையை எந்த வண்டியிலண்ணே ஏத்திட்டுப் போறது?"

மறுநாள் மீட்டர் பட்டறையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் கருவியோடு அலுவலகத்துக்குப் போனார்.

"பாகம் மாத்தாம பழுது எப்படிங்க சரியாகும்?" என்றார் குமாஸ்தா.

"உங்க கண்ணாடியில அழுக்குப் படிஞ்சா கண்ணையா மாத்துவீங்க?"

குமாஸ்தா தன்னையறியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிவத்தை மட்டும் வாங்கவில்லை. "கட்டம் காலியா இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"காலியா எங்க இருக்கு? எதுவுமில்லைன்னு எழுதியிருக்கே!"

"அதைத்தான் காலின்னு சொல்றோம்."

மே 13-ஆம் தேதி மீட்டர் மேலதிகாரிக்கு மூன்று பக்கம் எழுதினார். சுரண்டுமுன் அளவு, சுரண்டியபின் அளவு, இரண்டுக்கும் சாட்சியாக மச்சினனின் கையெழுத்து, ஒரு சிறு பொட்டலத்தில் பெயிண்ட் செதில்கள். பதிவுத் தபாலில் சேர்த்தார். அன்றிலிருந்து லாரிக்காரம்மா அந்தத் தெருவழியே போனாலும் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மீட்டரோ தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் ஏதாவது சாக்கில் அந்தம்மா வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்வந்தார். கேட்டால், காற்று வாங்கப் போனதாகச் சொல்வார்.

கடைசியில் லாரிக்காரம்மாவே ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குள் வந்தார். கடிதத்தை நீட்டினார். பதிவு ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. மீட்டர் முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், பிறகு கூடவே வந்திருந்த படிவத்தில் 'மாற்றிய பாகம்' கட்டத்துக்கு வந்தார். அலுவலகமே தட்டச்சு செய்து நிரப்பியிருந்தது: 'பழுதடைந்த பெயிண்ட்டுக்குப் பதிலாகப் புதிய பெயிண்ட்.'

மூக்கு நுனி சிவந்தது. "புதுப் பெயிண்ட்டா? எவன்டா அடிச்சது?" கை பேனாவைத் தேடியது.

லாரிக்காரம்மா வெடுக்கென்று கடிதத்தைப் பறித்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அதுல ஒரு புள்ளி வச்சீங்கன்னா, வண்டியை உங்க மேலயே ஏத்திடுவேன்ணே."

மீட்டர் அவரைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். மேசையில் கிடந்த வெற்று உறையை இழுத்து, தபால் முத்திரை மங்கியிருந்த இடத்துக்குக் கீழே, தன்னால் சத்தியம் செய்ய முடிந்த ஒன்றை மட்டும் அழுத்தமாக எழுதினார்: வந்து சேர்ந்த நாள், மே 29.