குசினி வழியாக வாங்கிய வீடு

கொரோனாவும் அதற்குப் பிறகு வந்த பெட்ரோல் வரிசைகளும் ஓய்ந்து, பதுளை நகரத்தில் எங்கள் ஹார்ட்வெயார் கடைக்கு மறுபடி ஆட்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. டாக்டர்களும் சட்டத்தரணிகளும் குடியிருக்கும் ஒரு வீதியில், நூறு வருடத்துக்கும் மேல் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று கடைக்கு வந்த மேசன் பாஸ் ஒருவர் சொன்னார். எந்த வீடு என்று கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் காலத்தில் டியூஷனுக்கு அந்த வீதி வழியாகத்தான் நடந்து போவேன். உயரமான செடி வேலிக்கு மேலே சிவப்புத் தகரக் கூரையும் ஒரு புகைக்கூடும் மட்டும் தெரியும். உள்ளே என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போவேனே தவிர, ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

நானும் என் கணவரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் அப்புத்தளைப் பக்கம், நான் பதுளைக்கு மேலே ஒரு தோட்டம். கல்யாணமான நாள் முதல் கடைக்கு மேல்மாடியில்தான் இருந்தோம். அங்கே ஒன்றும் பெரிய குறை இல்லை. ஆனால் அந்த வீடு எனக்கு வேண்டும் என்று இருந்தது. இதற்கு நல்ல காரணம் எதுவும் சொல்லத் தெரியாது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பொறியியலாளர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். கணவர் போனில் பேசியபோது அவர் விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டார். குடும்பமாக வந்து இருப்பவர்களுக்குக் கொடுக்கத்தான் அவருக்கு விருப்பம். ஆனால் சுற்றுலாக்காரர் வரும் எல்ல ஊரில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பாருங்கள், சரிவராவிட்டால் அவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் நல்ல சேலை கட்டினேன். கணவர் கல்யாண வீட்டுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டார். கேட்டுக்குள் நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. கார் போகும் அகலப் பாதை குரோட்டன் செடிகளைச் சுற்றி முன்பக்கம் போனது. ஒற்றையடிப் பாதை ஒன்று சுவர் ஓரமாகப் பின்பக்கம் போனது. நேரே பின்பக்கம் நடந்தோம். குசினிப் படியில் செருப்பைக் கழற்றினோம். கணவர் போனையும் சைலன்டில் போட்டார், மரியாதைக்காக.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு என்ன காரியமாகப் போனாலும் குசினிப் பக்கம்தான் போக வேண்டும். என் கல்யாணத்தைச் சொல்ல அப்பா வெற்றிலைத் தட்டோடு போய் நின்றதும் அங்கேதான். சமையல்காரர் உள்ளே போய்ச் சொல்லி, கூப்பிடும் வரை நிற்க வேண்டும். எங்களுக்கு அது ஒரு விதியாகக்கூடத் தெரிந்ததில்லை, அதுதான் வழி.

குசினியில் ஒரு அம்மா பருப்பு கழுவிக்கொண்டிருந்தார். அவரும் தோட்டத்து ஆள்தான்.

"ஐயா வரச் சொன்னாரு" என்றார் கணவர்.

"ஐயா முன்னுக்கு ஒக்காந்திருக்காருங்க. வீடு வாங்க ஆள் வருதாம், அவங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு. அவங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் நான் சொல்றேன். இருங்க, தேத்தண்ணி குடிங்க."

சுவர் ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்தோம். "நமக்கு முந்தி ஹோட்டல்காரன் வர்றான் போல" என்று கணவர் என் காதில் சொன்னார். அந்த ஆள் வந்து பார்த்து, பிடித்துப்போய், அங்கேயே பேசி முடித்துவிட்டால் என்ன செய்வது. பேசி முடியக் கூடாது என்று மனதுக்குள் கதிர்காமத்து முருகனிடம் கேட்டுக்கொண்டேன். வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை ஒழுகும் இடங்களில் மூன்று நான்கு சட்டிகள் வைத்திருந்தார்கள். கைமரம் ஒரு பக்கம் உளுத்துப் போயிருந்தது. "தண்ணி வடியிற பீலி முழுசா மாத்தணும்" என்று முணுமுணுத்தார். அவர் கோயிலுக்குப் போனாலும் கூரையைத்தான் முதலில் பார்ப்பார்.

கார் எதுவும் வரவில்லை. அந்த அம்மா பருப்பை இறக்கி, மரக்கறியும் வெட்டி முடித்துவிட்டார். பிறகு உள்ளே எங்கோ வீட்டுக்காரர் போனில் பேசுவது கேட்டது. சிங்களத்தில் சத்தமாகப் பேசினார். அந்த ஆட்கள் வரவில்லை, போன் அடித்தாலும் எடுக்கவில்லை, இனி அவர்களை நம்பிப் பயனில்லை, நீங்கள் மத்தியானம் வாருங்கள், முடித்துவிடுவோம் என்றார்.

அந்த அம்மாவும் கேட்டுவிட்டு எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். "பாவங்க ஐயா. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு காலையிலேர்ந்து காத்திருந்தாரு. டவுன்ல ஹார்ட்வெயார் கட வச்சிருக்கவங்களாம். வர்றேன்னு சொன்னா வர வேணாமா?"

கணவர் மெதுவாகப் போனை வெளியே எடுத்தார். திரையில் வரிசையாகத் தவறிய அழைப்புகள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு நேரமும் நாங்கள் வந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களே காத்திருந்திருக்கிறோம்.

"அந்த ஹார்ட்வெயார் கட நாங்கதாங்க" என்றார் கணவர்.

அந்த அம்மா எங்கள் கையில் இருந்த கோப்பையையும் வெறும் காலையும் பார்த்தார். "அப்ப ஏங்க இங்க வந்து ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவரே உள் கதவைத் திறந்துவிட்டார். சாப்பாட்டு அறை, பிறகு பெரிய ஹால், கணப்படுப்பு, பலகைத் தரை. வெறும் காலுக்கு அந்தப் பலகை ஜில்லென்று இருந்தது. வீட்டுக்காரர் விறாந்தையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இரண்டு கதிரைகள் காலியாக இருந்தன. மேசையில் எங்களுக்கான கோப்பைகளைப் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தார். தன் வீட்டுக்குள்ளிருந்தே இரண்டு பேர் வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார்.

எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லும்போது முகம் சூடாகிவிட்டது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தோட்டங்கள் நிறைந்த இந்த ஊவா மாகாணத்திலேயே வேலை பார்த்த மனிதர், விளக்கம் கேட்கவில்லை. எங்களை அந்தக் காலிக் கதிரைகளில் உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தார்.

பிறகு, அப்படியானால் குசினிக் கூரையைப் பார்த்திருப்பீர்களே என்றார். பார்த்தோம், கைமரமும் பீலியும் மாற்ற வேண்டும் என்றார் கணவர். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வீடு பார்க்க வந்த யாரையும் அவர் சாப்பாட்டு அறையைத் தாண்டி விட்டதில்லையாம். ஹோட்டல்காரருக்கும் ஹாலையும் கணப்படுப்பையும் தவிர எதுவும் தெரியாதாம். அந்தக் குசினிக் கூரையைப் பார்த்த பிறகும் வீடு வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டும் என்றேன். எழுந்து போய் ஹோட்டல்காரரை வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு வந்தார். மனிதர் எங்களுக்காக இரங்கினாரா, குட்டு வெளிப்பட்டதால் விட்டுக்கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதைச் சொல்லி நாங்களே நிறைய நாள் சிரித்திருக்கிறோம். பால் காய்ச்சிய அன்றுதான் சிரிப்பு நின்றது.

தோட்டத்திலிருந்து அக்கா குடும்பமும் சொந்தக்காரர்களும் ஒரு வேனில் வருவதாக இருந்தது. அக்கா இன்னும் கொழுந்துதான் எடுக்கிறாள். நான் முன் வாசலில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்போடு நின்றேன். குருக்கள் நேரம் போகிறது என்றார். வேன் வந்து நின்ற சத்தம் எப்போதோ கேட்டிருந்தது, ஆனால் ஒருவரும் வரவில்லை. எனக்குத் திடீரென்று உறைத்தது. பின்னால் ஓடினேன்.

குசினிப் படியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. எல்லோரும் உள்ளே சுவர் ஓரமாக, ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்து, "இங்கனயே நல்லாத்தான் இருக்கு புள்ள. முன்னுக்கு எல்லாம் பளபளன்னு இருக்கும், எதுக்கு?" என்றாள். அது என் வீடு, அவள் என் சொந்த அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலுக்கு வாங்க என்று யாரையும் இழுக்கவில்லை. தட்டைக் குசினிக்கே கொண்டுவந்து, நின்ற இடத்திலேயே எல்லோருக்கும் சந்தனம் கொடுத்தேன். பாலும் பொங்கியது. சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்து ஹால் வழியாக நடந்தேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். பெரிய கதவு வழியாக முன்பக்கம் இறங்கிய பிறகுதான் செருப்பெல்லாம் பின்னால் இருப்பது ஞாபகம் வந்தது. அத்தனை பேரும் கல்லில் வெறும் காலோடு வீட்டைச் சுற்றிப் போனார்கள். "அடுத்த தடவ செருப்ப முன்னுக்குக் கழட்டு" என்றேன். "பாப்போம் புள்ள" என்றாள் அக்கா.

உறுதிப் பத்திரம் எழுதி வீடு எங்கள் பெயருக்கு வந்து நாளாகிவிட்டது. ஆனாலும் கடையிலிருந்து களைத்து வரும் நாட்களில் கேட்டைத் தாண்டியதும் என் கால் குசினிப் பக்கம்தான் திரும்புகிறது. பாதி வழியில் நின்று, இது என் வீடு என்று எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டு, முன் வாசலுக்குத் திரும்பி நடக்கிறேன்.